வியட்நாம் பேக்கேஜ்: பா நா ஹில்ஸுக்கு ஒரு முழு நாள், மீ சன் கோயில்களுக்குப் பூஜ்யம்

சென்னையில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் மூலமாக ஒரு வார வியட்நாம் பேக்கேஜ் எடுத்துக் குடும்பத்தோடு போய்வந்தோம், அதைப் பற்றிய விமர்சனம் இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பெரிய பயன் இல்லை. புக் செய்வதற்கு முன் சில இடங்களில் விசாரித்தோம், எல்லாரும் வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப்பில் அட்டைப் படம்கூட ஒன்றுதான், பா நா ஹில்ஸ் மலைமேல் இரண்டு ராட்சசக் கைகள் தாங்கிப் பிடித்திருக்கும் அந்தத் தங்கப் பாலம். உள்ளே இருந்த திட்டமும் அச்சு அசலாக அதேதான்: ஹனோய், ஹா லாங் விரிகுடா, விமானத்தில் டா நாங், ஒரு நாள் பா நா ஹில்ஸ், ஒரு சாயங்காலம் ஹோய் ஆன், மறுபடி விமானம், ஹோ சி மின் நகரம், கூ சி போர்க்காலச் சுரங்கம், மீகாங் ஆற்றுப் படகு, ஊருக்குத் திரும்பு. ஆக, நம் ஊரில் விற்கப்படும் வியட்நாமையே விமர்சிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, ஹோட்டல், ஆட்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. நேரத்தைப் பங்கு போட்டவர் யாரோ, அவருக்குத்தான் மார்க் போட மனம் வரவில்லை. 3,260 கிலோமீட்டர் கடற்கரை உள்ள நாடு அது. பழைய தலைநகரங்கள், மீ சன்னில் இடிந்த சிவன் கோயில்கள், மரவீடுகள் நிறைந்த துறைமுகம், கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் என்று சரித்திரமும் இயற்கையும் அந்தக் கரையை ஒட்டியே கிடக்கின்றன. பேக்கேஜ்காரர்களோ 2018-ல் ஃபைபர் கிளாஸில் செய்த கைகளுக்கு ஒரு முழுப் பகலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் 'நேரமில்லை சார்' என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விமான நிலையத்திலும் பெயர்ப் பலகையோடு ஆள் நின்றார், ஒரு தடவைகூடக் காத்திருக்க வைக்கவில்லை. வேன் சுத்தம், ஏசி வேலை செய்தது, தண்ணீர் பாட்டில் கேட்காமலே வந்தது. ஹனோயில் பழைய நகரத்துக்குள்ளேயே அறை போட்டிருந்தார்கள், இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த ஊரைப் பார்க்க நல்ல நேரம் காலை ஆறு மணியும் இரவு ஒன்பது மணியும்தான், இரண்டுமே பேக்கேஜ் நேரத்துக்கு வெளியே. விசாவையும் அவர்களே எடுத்துத் தந்தார்கள், ஆனால் இதற்கு ஆள் தேவையே இல்லை: அரசாங்கத்தின் இ-விசா தளத்தில் நாமே போட்டால் ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 90 நாள் வரை செல்லும். அதன்மேல் அவர்கள் போட்ட சர்வீஸ் சார்ஜைப் பார்த்தபோது கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மை.

சாப்பாட்டில் எனக்குப் பாதிப் புகார்தான். தினமும் இந்திய உணவு என்று எழுதியிருந்தார்கள், சொன்னபடியே எல்லா ஊரிலும் பனீர், பருப்பு, நான், ஜீரா ரைஸ் கிடைத்தது, வீட்டில் பெரியவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் அங்கே சைவத்துக்கு வழியே கிடையாது என்று பயமுறுத்தி இந்தப் பனீரை விற்பது நியாயமில்லை. பௌத்தப் பழக்கத்தால் எல்லா ஊரிலும் 'சாய்' என்று பலகை போட்ட சைவக் கடைகள் இருக்கின்றன, சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ம் நாளும் அங்கே கூட்டம் அள்ளும். மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பு என்று கொடுத்தாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும், அதனால் கண்டிப்பான சைவம் என்றால் அந்தப் பலகையைப் பார்த்து நுழைவதுதான் பாதுகாப்பு. டோஃபு, காளான், மூலிகை இலை போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம் நம் ஊர் ஹோட்டல் மினி மீல்ஸைவிட மலிவு. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம், பூஜ்யங்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

இனி கடைகள். திட்டத்தில் 'ரெஸ்ட் ஸ்டாப்' என்று எழுதியிருந்ததெல்லாம் கடைதான். ஹா லாங் போகும் வழியில் முத்து, ஹனோயில் மூங்கில் நாரில் நெய்த துணி, டா நாங்கில் பளிங்குச் சிலை, தெற்கே ரப்பர் மெத்தை. மெத்தை என்றால் நிஜ மெத்தை, படுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், சுருட்டி வேக்கம் பேக் பண்ணித் தருவார்களாம், அதை எந்த நம்பிக்கையில் சென்னைக்கு வரும் கூட்டத்திடம் விற்கிறார்களோ தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாங்கவும் செய்தார். கைடுகளுக்கு அதில் கமிஷன் உண்டு என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் ஒவ்வொரு கடையிலும் முக்கால் மணி நேரம், சேர்த்துப் பார்த்தால் ஒரு பழைய நகரத்தை நிதானமாகச் சுற்றிவரும் நேரம் அதிலேயே போய்விட்டது. புக் பண்ணும்போதே 'நோ ஷாப்பிங் ஸ்டாப்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் விலை கூட்டிச் சொல்வார்கள், கொடுத்துவிடலாம்.

ஹா லாங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காட்சிக்கு முன்னால் பேக்கேஜ் குறையெல்லாம் சின்ன விஷயம். யுனெஸ்கோ 1994-ல் பட்டியலில் சேர்த்த இடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், பச்சைத் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 2,00,000 டாங் நோட்டின் பின்பக்கம் இருப்பது இந்த விரிகுடாதான், படகில் எல்லாரும் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். பிரச்சினை என்னவென்றால் எங்கள் பேக்கேஜில் இருந்தது ஒருநாள் படகு. ஹனோயிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், நடுவில் முத்துக்கடை, மிச்சத்தில் சாப்பாடு, சுங் சோட் குகை, டிடாப் தீவு. டிடாப் தீவில் உச்சிக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள், கீழே சின்னக் கடற்கரை. கொடுத்த நேரத்தில் ஒன்று ஏறலாம், இல்லை குளிக்கலாம். ஏறுங்கள். (சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிடோவ் 1962-ல் ஹோ சி மின்னோடு வந்ததால் அவர் பெயரை வைத்தார்களாம், விண்வெளிக்குப் போய்வந்தவர் பெயரில் ஒரு குட்டித் தீவு, நல்ல கௌரவம்தான்.) குகைக்குள் பச்சையும் சிவப்புமாகக் கலர் விளக்குப் போட்டிருக்கிறார்கள், நம் ஊர் பொருட்காட்சி ஞாபகம் வந்தது, அந்த உயரமான கூரைக்கு வெறும் வெள்ளை வெளிச்சமே போதும்.

ஹா லாங்கை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் இரவு படகிலேயே தங்கும் வகையை எடுங்கள், முடிந்தால் தெற்குப் பக்கம் லான் ஹா விரிகுடா வழியாகப் போவது. அதை ஒட்டிய கட் பா தீவுக்கூட்டத்தையும் 2023-ல் அதே யுனெஸ்கோ எல்லைக்குள் சேர்த்துவிட்டார்கள், அழகில் எந்தக் குறையும் இல்லை, படகு நெரிசல் குறைவு. ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே புயல் காலம். 2025 ஜூலையில் திடீரென்று வந்த புயல்மழையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்று வானிலை சரியில்லை என்று துறைமுகம் படகை நிறுத்தினால் கைடோடு சண்டை போடாதீர்கள், பணத்தைத் திருப்பித் தரும் விதி என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நின் பின் எங்களுக்கு 'ஆப்ஷனல்' என்ற பெயரில், தனிக் காசுக்கு. இந்தப் பயணத்திலேயே காசுக்கு மேல் கிடைத்தது அங்கேதான் என்று அடித்துச் சொல்வேன். ஹனோயிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டருக்குள், ஹா லாங்கில் கடலுக்குள் நிற்கிற அதே மாதிரிப் பாறைகள் இங்கே வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கின்றன. ட்ராங் ஆனில் சிறு படகு, ஒரு படகுக்கு நாலு பேர், துடுப்புப் போடுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். மோட்டார் சத்தம் கிடையாது, மைக் கிடையாது. குகைகளுக்குள் படகு நுழையும்போது கூரை தலையை உரசுகிற அளவு தாழ்ந்து வரும், குனிந்துகொண்டே இருட்டில் போய் மறுபக்கம் வெளிச்சத்தில் வெளிவந்தால் நாலுபுறமும் மலைச்சுவர் சூழ்ந்த இன்னொரு குளம். சுற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும், வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். பக்கத்திலேயே டாம் கோக் என்று இன்னொரு படகுத்துறை, அங்கே கால்களால் துடுப்புப் போடுவார்கள், படத்தில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தப் பொன்னிற நெல்வயல் அங்கேதான், ஆனால் அது மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மட்டும். இரண்டில் ஒன்று என்றால் நான் ட்ராங் ஆனைத்தான் சொல்வேன்.

அதே நாளில் ஹோவா லூவையும் காட்டினார்கள், 968 முதல் 1010 வரை தலைநகரமாக இருந்த ஊர். அரண்மனை எதுவும் இப்போது இல்லை, பிற்காலத்தில் கட்டிய இரண்டு கோயில்களும் சுற்றி மலையும்தான், பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மலையையே கோட்டைச்சுவராக வைத்துத் தலைநகரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. 1010-ல் லீ தாய் தோ என்ற அரசர் இந்த மலைக்குள் அடைந்து கிடந்தது போதும் என்று சமவெளிக்குத் தலைநகரத்தை மாற்றினார், அதுதான் இன்றைய ஹனோய். ஆக, நின் பின்னைப் பார்த்துவிட்டு ஹனோயைப் பார்த்தால் வரிசை சரியாக வரும், பேக்கேஜில் தலைகீழாக இருந்தது.

ஹனோய் நகரச் சுற்றுலா அரை நாள். இலக்கியக் கோயில் என்று சொல்லப்படும் வான் மியெவ் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, 1070-ல் கன்பூசியஸுக்காகக் கட்டியது, ஆமை முதுகில் நிற்கும் 82 கல்வெட்டுப் பலகைகள், அரசாங்கத் தேர்வில் முதன்மையாகத் தேறியவர்களின் பெயர்கள் அதில். இப்போதும் பரீட்சைக்கு முன்னால் மாணவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஹோ சி மின்னின் உடல் வைத்திருக்கும் கட்டடம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும், உங்கள் ஹனோய் நாள் அந்தக் கிழமையில் விழுந்தால் வெளியே நின்று படம் எடுக்கச் சொல்வார்கள், எங்களுக்கு அதுதான் நடந்தது. ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் காபி குடிக்கும் தெருவைப் பற்றி எல்லாரும் ரீல் போடுகிறார்கள், ஒரு தடவை போதும். முட்டைக் காபி பிடித்திருந்தது.

அங்கேயே தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் வோ கான் கல்வெட்டு இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லி எந்த பேக்கேஜிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தென்கிழக்கு ஆசியாவில் கிடைத்த மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று, அதில் 'ஸ்ரீ மாறன்' என்று ஒரு அரசர் பெயர் வருகிறது. அந்தப் பெயரை வைத்து அவர் பாண்டியர்தான் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும், அது ஊகம், பெயர் ஒற்றுமைக்கு மேல் அதற்கு ஆதாரம் காட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. அதற்காகக் கல்லைப் பார்க்காமல் வர வேண்டியதில்லையே.

சரி, பா நா ஹில்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க அமைத்த மலைவாசஸ்தலம், அந்தப் பழைய பங்களாக்கள் சிதைந்துபோய், இப்போது மேலே இருப்பது ஒரு கேளிக்கைப் பூங்கா. கேபிள் கார் நிஜமாகவே அருமை, ஒரு வழித்தடம் மட்டும் 5.8 கிலோமீட்டர், காட்டுக்கும் அருவிக்கும் மேலே போகிறது, அதற்கு மட்டும் தனியாக டிக்கெட் விற்றால் நான் இன்னொரு தடவை போவேன். பாலம் 150 மீட்டர்தான். காலை எட்டு மணிக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தால் மூடுபனியும் கைகளும் சேர்ந்து அழகாகத்தான் இருக்கும். எங்கள் வேன் கிளம்பியதே எட்டரைக்கு, நாங்கள் போன நேரத்தில் பாலத்தில் நகர இடமில்லை, கைப்பிடிச் சுவரைத் தொடவே வரிசை. அதற்கு மேலே பிரெஞ்சு கிராமம் மாதிரி ஒரு செட், பீர் தோட்டம், மெழுகுச் சிலைகள், இந்திய பஃபே. குழந்தைகள் குதூகலமாக இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன், பத்து வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இந்த நாளை வெட்டினால் வீட்டுக்குள் கலவரம் வரும். ஆனால் பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், பேக்கேஜிலேயே விலை அதிகமான டிக்கெட்டும் இதுதான், பணமும் மிச்சம்.

டா நாங்கில் இன்னொரு வேடிக்கை. வார இறுதி இரவு ஒன்பது மணிக்கு டிராகன் பாலம் நெருப்புக் கக்குவதைக் காட்டக் கூட்டிப்போவார்கள். அந்தப் பாலத்தின் மேற்கு முனைக்குப் பக்கத்திலேயே சாம் சிற்ப அருங்காட்சியகம் நிற்கிறது, 1919-ல் திறந்தது, மத்திய வியட்நாமை முன்பு ஆண்ட சாம் மக்களின் சம்பா நாட்டுச் சிற்பங்களுக்கு உலகத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆடும் சிவன், பிள்ளையார், ட்ரா கியெவ் என்ற ஊரில் கிடைத்த பீடத்தில் வரிசையாக ஆடும் பெண்கள். நெருப்புக் கக்கும் நேரத்தில் அது பூட்டியிருக்கும், பகலில் பேக்கேஜ் வண்டி அதன் வாசல் வழியாகவே பளிங்குச் சிலைக் கடைக்குப் போகும்.

ஹோய் ஆனுக்கு ஒரு சாயங்காலம், அதுவும் இருட்டிய பிறகு. விளக்குகள் அழகு, மறுக்கவில்லை, ஆற்றில் காகித விளக்குவிடும் படகுகள், மஞ்சள் சுவர்கள், எங்கே நின்றாலும் படம் நன்றாக வரும். ஆனால் 1999-ல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தது விளக்குக்காக இல்லையே. 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஜப்பானியர், சீனர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் எல்லாரும் வந்து சரக்கு இறக்கிய துறைமுகம், அப்புறம் ஆறு மணல் சேர்ந்து தூர்ந்தது, பெரிய கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன, வியாபாரம் போனதால் யாரும் இடித்துக் கட்டவில்லை, ஊர் அப்படியே தங்கிவிட்டது. நம் பூம்புகார் மாதிரி கடலும் கொண்டுபோகவில்லை, நாகப்பட்டினம் மாதிரி வளர்ந்து மாறவும் இல்லை. அதைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். வெளிநாட்டவருக்கு 1,20,000 டாங் டிக்கெட், பழைய வீடுகள், சீனர் சங்க மண்டபங்கள் என்று ஐந்து இடங்களுக்குள் நுழையலாம். டான் கீ என்ற வியாபாரி வீட்டுச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், சில கோடுகள் என் தலைக்கு மேலே. இரவில் நாங்கள் போனபோது அந்த வீடுகள் எல்லாம் சாத்தியிருந்தன, மறுநாள் மறுபடி எங்கள் செலவில் போய்த்தான் பார்த்தோம்.

ஜப்பானியப் பாலம் 20,000 டாங் நோட்டில் இருக்கிறது, ஒரு முனையில் நாய்ச் சிலைகள், இன்னொரு முனையில் குரங்குச் சிலைகள். முழுக்கப் பிரித்துச் செப்பனிட்டு 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், புது வர்ணம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது என்று உள்ளூரிலேயே திட்டினார்கள், இப்போது கொஞ்சம் மங்கியிருக்கிறது. கூடைப் படகுச் சவாரியும் பேக்கேஜில் உண்டு. பரிசல் மாதிரிப் படகை ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள், சிலருக்குப் பிடிக்கும், எனக்குத் தலை சுற்றியது.

இனி, பேக்கேஜில் இல்லாத இரண்டு. டா நாங்கில் கூடுதலாகத் தங்கி மீ சன்னும் ஹுவேயும் போகிறோம் என்று புக் பண்ணும்போதே சொன்னோம், போனில் பேசிய தம்பி, "அங்க ஒண்ணும் இல்ல சார், இடிஞ்ச கோயில்தான், போறவங்களே இல்ல" என்றார். மீ சன்னில் அன்று பார்க்கிங்கில் இடமில்லை, ஐரோப்பியக் கூட்டம், வியட்நாம் பள்ளிப் பிள்ளைகள், நம் ஊர் முகம்தான் அபூர்வம். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசர் இந்த மலைச் சூழ் பள்ளத்தாக்கில் சிவனுக்குக் கோயில் எழுப்பி, தன் பெயரையும் சேர்த்து பத்ரேசுவரர் என்று பெயர் வைத்தார். மரத்தில் கட்டிய அது எரிந்துபோக, பின்னால் வந்தவர்கள் செங்கல்லில் கட்டினார்கள், கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். செங்கல்லுக்கு நடுவில் சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை, எப்படி ஒட்டினார்கள் என்பதில் இன்னும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரங்கள் போயின, குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிப் பக்கத்திலேயே கிடக்கின்றன.

நமக்கு ஒரு தொடர்பும் இருக்கிறது: இங்கே சில கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது இந்தியத் தொல்லியல் துறை, 2020-ல் அந்த வேலையின்போது ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் கிடைத்தது. செய்தியில் வந்தபோது எல்லாரும் ஃபார்வர்டு பண்ணினோம், பேக்கேஜில் மட்டும் யாரும் சேர்க்கவில்லை. ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் போல, அரை நாள் போதும். காலை எட்டுக்கு முன் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்றே வராது. கோயிலில் இப்போது பூஜை கிடையாது, சாம் மக்களில் இந்து வழக்கத்தைத் தொடர்கிறவர்கள் இன்னும் தெற்கே வாழ்கிறார்கள்.

ஹுவேக்கு ரயிலில் போனோம், இந்த மூன்று மணி நேரத்தை எந்தச் சொகுசு வேனுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். காரில் போனால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவீர்கள், ரயில் ஹாய் வான் மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலேயே வளைந்து வளைந்து போகிறது. டா நாங்கிலிருந்து போகும்போது வலது பக்க ஜன்னல், ஹுவேயிலிருந்து வரும்போது இடது பக்கம். கண்ணாடி அழுக்காகத்தான் இருக்கும், பெட்டிகளுக்கு நடுவில் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள்.

1802 முதல் 1945 வரை ங்குயென் வம்சத்தின் தலைநகரம் ஹுவே, வியட்நாமில் யுனெஸ்கோ பட்டியலில் முதலில் ஏறியதும் இதுதான், 1993-ல். கோட்டைக்குள் அரண்மனையின் பெரும்பகுதி 1947 தீயிலும் 1968 போரிலும் அழிந்துபோனது, அதனால் உள்ளே நடக்கும்போது வெறும் புல்வெளியும் நடைபாதையும்தான் நிறைய. சிலருக்கு இது சலிப்பு. கட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், தாய் ஹோவா என்ற சிங்காசன மண்டபம் 2024 நவம்பரில் புதுப்பித்துத் திறந்தாகிவிட்டது, சிவப்பும் தங்கமுமாகக் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஹுவேயில் என்னைக் கேட்டால் கோட்டையைவிட ஊருக்கு வெளியே இருக்கும் அரசர் சமாதிகள்தான். கை டின் சமாதி கான்கிரீட்டில் கட்டி உள்ளே உடைந்த பீங்கானும் கண்ணாடியும் பதித்தது, 1920-ல் ஆரம்பித்து 11 வருஷம், மக்கள் வரிப்பணத்தில் போட்ட ஆடம்பரம், பார்க்க மட்டும் அசத்தல். டூ டக் சமாதி குளம், பைன் மரம், மண்டபம் என்று ஒரு தோட்டம், உயிரோடு இருக்கும்போதே அவர் அங்கே வந்து கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அரசரைப் பற்றிய கல்வெட்டை மகன் எழுத வேண்டும் என்பது முறை, அவருக்குப் பிள்ளை இல்லை, தானே எழுதினார், பிரெஞ்சுக்காரரிடம் தெற்கை இழந்தவர், தன் குறைகளையும் அதில் எழுதி வைத்தார். அப்படி ஒரு கல்லின் முன்னால் நிற்க எனக்கு அரை மணி நேரம் தேவைப்பட்டது, குழு வண்டியில் ஐந்து நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது. சைவச் சாப்பாட்டுக்கும் ஹுவேதான் நாட்டிலேயே பெயர்போனது, பனீரை மறந்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஹோ சி மின் நகரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். கூ சி சுரங்கம் போக வேண்டிய இடம், நெரிசல் பிடிக்காதவர்கள் பென் டின் வேண்டாம், பென் டுவோக் நுழைவாயில் என்று கேளுங்கள், தூரம் கொஞ்சம் அதிகம். மீகாங் பயணம் தேன் டீ, தேங்காய் மிட்டாய், பாட்டு, பத்து நிமிஷத் துடுப்புப் படகு என்று எல்லாமே நமக்காக வைத்த நாடகம், நின் பின்னைப் பார்த்தவர்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பதில் பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் வட்டிக்கடை வைத்த நகரத்தார், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கு வந்தவர்கள் என்று ஒரு தமிழ்க் கூட்டமே இந்த ஊரில் வாழ்ந்தது, பெரும்பாலானவர்கள் 1975-க்குள் கிளம்பிவிட்டார்கள். இன்று அம்மன் முன்னால் ஊதுபத்தியோடு நிற்பது அநேகமாக வியட்நாம்காரர்கள்தான், கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள். கைடுக்கு இது ஒரு 'இந்தியன் டெம்பிள்', பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்.

டிப்ஸ் விஷயம்: கடைசி நாளில் கவர் நீட்டுவார்கள், எவ்வளவு என்பதைப் புக் பண்ணும்போதே பேசிவிடுங்கள், எங்களுக்கு அந்தத் தொகை திட்டத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். மறுபடி இதே டிராவல்ஸில் எடுப்பேனா என்றால் எடுப்பேன், ஆட்கள் நல்லவர்கள், ஆனால் திட்டத்தை நான் எழுதிக் கொடுப்பேன்: ஹனோய், நின் பின், லான் ஹாவில் ஒரு இரவு, ஹுவேயில் இரண்டு இரவு, ரயிலில் ஹோய் ஆன், அங்கே தங்கி மீ சன், அவ்வளவுதான், தெற்கு இன்னொரு தடவைக்கு. மாதம் என்றால் மார்ச், ஏப்ரல். வடக்கே ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும், ஹா லாங்கில் பனிமூட்டம் பாதி மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் மழைக்காலம், ஹோய் ஆன் தெருக்களில் நிஜமாகவே படகு விடுவார்கள், 2025 அக்டோபர் கடைசியில் வந்த வெள்ளம் அப்படிப்பட்டது. நம் தீபாவளி விடுமுறை அதே நேரத்தில்தான் வரும், அப்போது யாராவது டா நாங் பேக்கேஜை விலை குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் ஏன் குறைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.